போடாக்ஸ் ஊசியும் நரம்பு நோய்களும்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டவர்கள் என்று நரம்புப் பிரச்சினை உள்ளவர்களோடுதான் என் பகல் முழுவதும் போகிறது. ஊசி போடுவது மருத்துவர். அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தக் கையையும் காலையும் பிடித்து நீட்டி மடக்குவது என் வேலை. மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகள் எல்லாம் கடைசியில் என்னிடம் வந்து சேரும். வருடக்கணக்காகக் கேட்ட அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தத் தசையில் எத்தனை யூனிட் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போடாக்ஸ் என்றால் முகச்சுருக்கத்துக்கு நடிகைகள் போட்டுக்கொள்வதுதானே? அம்மாவின் கைக்கு அது எதற்கு?

மருந்து அதேதான். ஆனால் நோய்க்குப் போட்டதுதான் முதலில் வந்தது, அழகுக்குப் போட்டது அப்புறம்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். கண்ணை ஒரு பக்கம் இழுக்கும் தசையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். 1970-களில் முதலில் குரங்குகளிடமும் பிறகு மனிதர்களிடமும் போடாக்ஸின் மூலப்பொருளான பொட்டுலினம் டாக்சினைச் செலுத்திப் பார்த்து, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அனுமதி மாறுகண்ணுக்கும், கண் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான். அப்போது மருந்தின் பெயர் ஆக்குலினம். போடாக்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது.

கனடாவின் வான்கூவரில் ஜீன் கேருதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை நோய்க்கு இதைப் போட்டுவந்தபோது, புருவ நடுவில் இருந்த கோடுகளும் மறைவதைக் கவனித்தார். அவர் கணவர் தோல் மருத்துவர். அங்கிருந்துதான் அழகு சிகிச்சை கிளம்பியது. அதற்கு எஃப்டிஏ அனுமதி கிடைத்தது 2002-இல்.

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மருந்துச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் "தேவையில்லாததை எழுதுகிறார்கள்" என்று நினைத்துத் தள்ளிப்போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போடும் மாதங்களில் கை சும்மா இருப்பதில்லை. இன்னும் மடங்கிக்கொண்டே போகிறது.

இது கொடிய விஷம் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் நஞ்சு இது. நாம் அறிந்த நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. காற்றுப் புகாமல் சரியாகப் பதப்படுத்தாத உணவில் இந்த பாக்டீரியா வளரும். "பொட்டுலஸ்" என்றால் லத்தீனில் இறைச்சியை அடைத்துச் செய்யும் தொத்திறைச்சி. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் அதைச் சாப்பிட்டு நிறையப் பேர் வாதம் வந்து இறந்தார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் அந்த நோயாளிகளைத் தேடித் தேடிக் குறிப்பெடுத்தார், நஞ்சைத் தன் மேலேயே சோதித்தும் பார்த்தார். அவர் கவிஞரும்கூட. 1822-இல் எழுதிய நூலில் அவர் ஒரு யோசனை சொன்னார்: நரம்பு தேவைக்கு மேல் துடிப்பாக வேலை செய்யும் நோய்களில், மிகச் சிறிய அளவில் இந்த நஞ்சே மருந்தாகலாம். அது மருந்தாவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பாக்டீரியாவைக் கண்டுபிடித்தது பெல்ஜியத்தில். 1895-இல் எல்லசெல் என்ற கிராமத்தில், ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடையைச் சாப்பிட்டு விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கெம் இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்.

இப்போது அளவைப் பார்ப்போம். ஒரு போடாக்ஸ் குப்பியில் 100 யூனிட் என்றால், அதில் உள்ள நஞ்சின் எடை நானோகிராம் கணக்கில்தான், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு. ஒரு பெரியவரின் உயிருக்கு ஆபத்தான அளவு சுமார் 3000 யூனிட் என்று குரங்குச் சோதனைகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். மடங்கிய கைக்குப் போடுவது பொதுவாக 400 யூனிட்டுக்குள். அதுவும் ரத்தத்தில் அல்ல, தசைக்குள்ளே, பல இடங்களில் பிரித்து.

உள்ளே போய் அது என்னதான் செய்கிறது?

நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பி இருக்கும். "இறுகு" என்ற உத்தரவு வந்ததும், பை நரம்புமுனையின் சுவரோடு ஒட்டி வாய் திறக்கும். ரசாயனம் தசை மேல் கொட்டும், தசை இறுகும். இந்த ஒட்டும் வேலைக்குச் சில புரதங்கள் வேண்டும். போடாக்ஸில் உள்ள ஏ வகை டாக்சின் அவற்றில் ஸ்னாப்-25 என்பதைக் கத்தரித்துவிடும். பி வகை இன்னொன்றைக் கத்தரிக்கும். பை நிறைய ரசாயனம் இருந்தும் வெளியே வர வழி இல்லை. இறுகிக் கிடந்த தசை மெல்லத் தளர்கிறது.

ஊசி போட்ட அன்றே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தொடங்கி, இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் முழு பலன் தெரியும். அதற்குள் நரம்பு புதுக் கிளைகளை விட ஆரம்பிக்கும், பழைய முனையும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சுமார் மூன்று மாதத்தில் தசையின் இறுக்கம் மறுபடி வந்துவிடும். மருந்து நரம்பைக் கொல்வதில்லை, கொஞ்ச காலம் வாயை அடைக்கிறது. பலன் நிரந்தரமில்லை என்று வருத்தப்படுகிறோம். ஆனால் அளவோ இடமோ கொஞ்சம் தவறிப்போனால், அந்தத் தவறும் நிரந்தரமில்லை.

ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் விரல்கள் மூடியே இருக்கின்றன. ஊசி போட்டால் கை பழையபடி வேலை செய்யுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். தவறான நம்பிக்கையோடு ஊசி போட்டுக்கொண்டால், நல்ல பலன் வந்தால்கூட அது கண்ணில் படாது.

பக்கவாதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து இருக்கும். ஒன்று பலவீனம்: மூளையிலிருந்து உத்தரவு போகவில்லை, அதனால் விரலை நீட்ட முடியவில்லை. இன்னொன்று இறுக்கம்: மேலிருந்து கட்டுப்பாடு போய்விட்டதால் மடக்கும் தசைகள் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. முழங்கை மடங்கும், மணிக்கட்டு கவிழும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். ஊசி இந்த இறுக்கத்தை மட்டும்தான் குறைக்கும். போன பலத்தைக் கொண்டுவராது.

அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். மூடிய முஷ்டியை ஒரு முறை திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. எட்டு மாதமாகக் காற்றுப்படாத உள்ளங்கை அது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, மணிக்கட்டை முதலில் மடக்கிவிட்டு, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு விரலாக நான் பிரிப்பேன். உள்ளே வேர்வையில் ஊறி வெளுத்த தோல், ஒரு புளித்த வாடை, நகம் பதிந்த பிறை போன்ற நான்கு தழும்புகள். சில சமயம் புண்ணே இருக்கும். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலி மட்டும் காரணம் இல்லை, கூச்சம்.

ஊசி போட்டு மூன்றாவது வாரம் அதே கை மகளின் மடியில் விரிந்து கிடக்கும். நகம் வெட்டலாம், சோப்புப் போட்டுக் கழுவலாம், ரவிக்கையின் கைக்குள் கையை நுழைக்கலாம், வளையல் போடலாம். இரவில் இழுத்துப் பிடிக்கும் வலி குறைந்து தூக்கம் வரும். விரலில் கொஞ்சம் அசைவு மிச்சம் இருப்பவர்களுக்கு, எதிர்ப்பக்கத் தசையின் பிடி விட்டதும் அந்த அசைவு வெளியே தெரியும். ஒரு டம்ளரைப் பிடித்து விடக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் அது நடக்காது, முன்கூட்டி உறுதி சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இறுக்கம் வேறு, சுருங்கிப்போவது வேறு. மெதுவாக, மிக மெதுவாக நீட்டினால் கொஞ்சமாவது இளகி வருகிறதா? அது இறுக்கம், ஊசி கேட்கும். எவ்வளவு பொறுமையாக நீட்டினாலும் ஒரே இடத்தில் கட்டை மாதிரி முட்டி நிற்கிறதா? தசையும் தசைநாரும் நீளத்தில் குட்டையாகிவிட்டன. அங்கே ஊசி பணத்துக்குக் கேடு. ஸ்பிளிண்ட் (கையை நீட்டி வைக்கும் தாங்கி), மாவுக்கட்டு, சில சமயம் அறுவை சிகிச்சைதான் வழி. அதனால்தான் சீக்கிரம் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஊசி போட்டாச்சு. இனி பிசியோ எதற்கு?

ஊசி போட்டதே பிசியோவுக்காகத்தான். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. மருந்து உங்களுக்குச் சுமார் மூன்று மாத அவகாசம் கொடுக்கிறது. அந்த அவகாசத்தில் தசையை நீட்டி, ஸ்பிளிண்ட் போட்டு, புது அசைவைப் பழக்கினால், பிடி திரும்ப வரும்போது கை முன்னிருந்ததைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. எதுவும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்தால், தளர்ந்த தசை தளர்ந்தபடி இருந்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடும். அப்புறம் "போடாக்ஸ் எங்களுக்குக் கேட்கவில்லை" என்பார்கள். கேட்டது. பயன்படுத்தத்தான் இல்லை.

வீட்டில் என்ன செய்வது? தளர்ச்சி தெரிய ஆரம்பித்ததும், தினமும் இரண்டு மூன்று வேளை மெதுவாக நீட்டிப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை பதிலுக்கு இறுகும். இரவில் ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு தூங்கலாம், காலையில் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பழக்கம். கையில் கொஞ்சமாவது அசைவு இருந்தால் துண்டை மடிப்பது, தட்டை நகர்த்துவது, ஈர்க்குச்சி பொறுக்குவது என்று வீட்டு வேலையையே பயிற்சியாக்குங்கள். நாலாவது ஐந்தாவது வாரம் பொன்னான நாட்கள். ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று அந்த நேரத்தில் பயிற்சியை விட்டுவிடாதபடி ஊசித் தேதியை முன்கூட்டியே யோசித்து வாங்குங்கள்.

காலுக்கும் போடலாமா?

போடலாம். பாதம் கீழே இழுத்து உள்பக்கம் திரும்பிக்கொண்டால் கெண்டைக்கால் தசைகளிலும் பாதத்தைத் திருப்பும் தசையிலும் போடுவார்கள். ஆனால் காலில் ஒரு எச்சரிக்கை. சிலர் அந்த விறைப்பின் பலத்தில்தான் எழுந்து நிற்கிறார்கள். தொடைத் தசையைத் தளர்த்திவிட்டால் முழங்கால் மடங்கிக் கீழே விழுவார்கள். அதனால் ஊசிக்கு முன்னால் நோயாளியை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். படுக்கையில் படுக்கவைத்து மட்டும் பார்த்து முடிவு செய்தால் எனக்கு மனம் ஒப்பாது.

என் பையனுக்குப் பெருமூளை வாதம். நுனிக்காலில் நடக்கிறான். நான்கு வயது. இது குழந்தைக்குத் தாங்குமா?

பெருமூளை வாதக் குழந்தைகளுக்கு இந்த ஊசி 1990-களிலிருந்தே போடப்படுகிறது. எடைக்கேற்ப அளவைக் கணக்கிடுவார்கள். குழந்தை வளரும்போது எலும்பு நீளும், இறுகிய தசை அதற்கு ஈடு கொடுத்து நீளாது, குதிகால் தரையில் படாமல் போகும். ஊசியால் கிடைக்கும் தளர்ச்சியில் கெண்டைத்தசையை நீட்டி, காலுக்கேற்ற பிடிமானச் சப்பாத்து போட்டு நடக்கப் பழக்குகிறோம். தேவைப்பட்டால் ஊசிக்குப் பிறகு மாவுக்கட்டைச் சில வாரங்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டு, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவருவதும் உண்டு. பெரிய அறுவை சிகிச்சையைச் சில வருடங்கள் தள்ளிவைக்க இது உதவலாம்.

குழந்தைக்கு விழுங்குவதிலோ மூச்சிலோ ஏற்கெனவே சிரமம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பல தசைகளில் ஒரே நாளில் போடும்போது அந்தத் தகவல் மிக முக்கியம்.

அப்பாவின் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது. சுளுக்கு என்று பல இடத்தில் வழித்துப் பார்த்துவிட்டோம்.

அவர் கன்னத்திலோ தாடையிலோ ஒரு விரலை வைத்தால் கழுத்து நேராகிறதா? எங்கள் அறைக்கு வந்த ஒருவர் பேசும்போதெல்லாம் வலது ஆள்காட்டி விரலைத் தாடையில் லேசாக ஊன்றியபடியே இருப்பார். யோசிக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். விரலை எடுத்த நொடியில் தலை இடப்பக்கம் திரும்பிவிடும். அந்த விரல் தலையைத் தள்ளவில்லை, தொடுவதே போதுமாக இருந்தது. கழுத்து டிஸ்டோனியா என்ற இந்த நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இது சுளுக்கும் அல்ல, மனப்பிரச்சினையும் அல்ல. தசைக்கு உத்தரவு போடும் மூளைச் சுற்றில் உள்ள கோளாறு.

இதற்கு மாத்திரைகளைவிட டாக்சின் ஊசிதான் முதல் சிகிச்சை என்று நரம்பியல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அமெரிக்காவில் 2000-இல் இதற்கு அனுமதி வந்தது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது, முன்னே வளைகிறதா பின்னே வளைகிறதா என்று பார்த்து, அதற்கேற்ற தசைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலை இடப்பக்கம் திரும்பினால், முன்கழுத்தில் வலப்பக்கத் தசையும் பின்கழுத்தில் இடப்பக்கத் தசையும் இழுத்துக்கொண்டிருக்கும். முன்கழுத்துத் தசையில் போடும்போது சிலருக்கு இரண்டு மூன்று வாரம் விழுங்கச் சிரமம் வரலாம். குழைந்த சாதம், கஞ்சி என்று மென்மையாகச் சாப்பிட வேண்டியிருக்கும்.

வழித்துவிட்டதைக் குறை சொல்ல மாட்டேன், வலி தாங்காமல் போயிருப்பீர்கள். ஆனால் இனிமேல் கழுத்தை யாரும் நெட்டி முறிக்க விடாதீர்கள்.

கண் துடிக்கிறது. இதற்குமா ஊசி?

எல்லாக் கண் துடிப்புக்கும் இல்லை. தூக்கம் கெட்டால், காபி அதிகமானால் கீழ் இமை இரண்டு நாள் படபடக்கும், தானே போய்விடும். வலக்கண் துடித்தால் இது, இடக்கண் துடித்தால் அது என்று நம் ஊரில் பலன் சொல்வார்கள். அப்படிப் பலன் பார்த்தே வருடங்களைக் கடத்தியவர்கள் உண்டு, அதனால்தான் வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

இரண்டு கண்ணும் அடிக்கடி இறுக மூடிக்கொண்டு, வெயிலில் இறங்கினால் இன்னும் மோசமாகி, வண்டி ஓட்ட முடியாமல், சாலையைக் கடக்க முடியாமல் போனால் அது இமை இறுக்க நோய். பார்வை நன்றாக இருந்தும் பார்க்க முடியாத நிலை. ஒரே பக்கத்தில் கண்ணும் கன்னமும் உதட்டு ஓரமும் சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்தால், தூக்கத்திலும் நிற்காமல் இழுத்தால், அது அரைமுகத் துடிப்பு. பெரும்பாலும் மூளைத்தண்டுக்கு அருகில் ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துவதால் வருவது. அதற்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், அழுத்தத்தை விலக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதற்குத் தயாரில்லாதவர்களுக்கு ஊசி. சின்ன அளவு, மெல்லிய ஊசி, சில நிமிடத்தில் முடிந்துவிடும். இமை கொஞ்சம் தொங்குவது, கண் காய்வது போன்றவை வந்து சில வாரத்தில் சரியாகும்.

முகவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவர்களும் கேட்கிறார்கள். தளர்ந்த தசைக்கு இந்த ஊசி உதவாது. ஆனால் முகவாதம் தேறும்போது நரம்பு தடம் மாறி வளர்ந்து, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் நிலை சிலருக்கு வரும். அதற்குப் போடுவது உண்டு.

எழுதும்போது மட்டும் விரல் கோணுகிறது. சாப்பிட, சட்டை மாட்ட ஒன்றும் இல்லை.

பேனாவைத் தொட்டதும் ஆள்காட்டி விரல் இறுகி, மணிக்கட்டு வளைந்து, கையெழுத்து சிதறும். ஒருவர் பல வருடம் கணக்கு எழுதியவர். தன் சொந்தக் கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பி வந்தபோதுதான் மருத்துவரைப் பார்க்க வந்தார். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வரும் டிஸ்டோனியா இது. வாத்தியம் வாசிப்பவர்களுக்கும் வரும். முன்கையின் சிறிய தசைகளில் மிகக் கொஞ்சமாகப் போட வேண்டும், ஒரு துளி அதிகமானால் பிடியே போய்விடும். அதனால் இதில் அனுபவமுள்ள கை தேவை. குரல் நாண் இறுகி, பேச்சு நெரிபட்டு வரும் நோய்க்கும் இதே மருந்தைக் குரல்வளைத் தசைக்குள் செலுத்துகிறார்கள்.

ஒற்றைத்தலைவலிக்கும் போடாக்ஸ் போடுவதாகச் சொல்கிறார்களே?

நாள்பட்ட ஒற்றைத்தலைவலிக்கு மட்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத்தலைவலிக்குரிய தன்மை, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். மாதம் இரண்டு முறை வருபவர்களுக்கு இது பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை.

2010-இல் அனுமதி கிடைத்தது. நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. இங்கே தசை தளர்வதல்ல முக்கியம், வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் ரசாயனங்களை வெளியிடுவது குறைகிறது. முதல் முறையிலேயே பெரிதாகத் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம், இரண்டு மூன்று சுற்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். வலிமாத்திரையை அன்றாடம் விழுங்குபவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையே தலைவலியை வளர்ப்பது உண்டு.

எச்சில் வடிவதற்கும் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் பயன்படுமா?

இரண்டுக்கும் பயன்படும். பார்க்கின்சன் நோயில் எச்சில் அதிகம் ஊறுவதால் வடிவதில்லை, விழுங்குவது மெதுவாவதால் வடிகிறது. காதுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் உள்ள சுரப்பிகளில் போட்டால் ஊறுவது குறையும். துண்டைக் கையிலேயே வைத்திருப்பவர் அதை மடித்து வைத்துவிட்டு விசேஷத்துக்குக் கிளம்ப முடிவது சின்ன விஷயம் இல்லை. பார்க்கின்சனின் நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் வழக்கமான மாத்திரைகள்தான். அவற்றுக்கு இந்த ஊசி மாற்று அல்ல.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை கட்டுப்பாடில்லாமல் சுருங்கிக் கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் கருவியை விட்டுப் பார்த்தபடி, அதன் சுவரில் சுமார் 30 இடங்களில் மொத்தம் 200 யூனிட் போடுவார்கள். 2011-இல் அனுமதி பெற்ற சிகிச்சை இது. சிலருக்குப் பிறகு சிறுநீர் தானாக வெளியேறாமல் போகலாம், சின்னக் குழாயைத் தாமே விட்டு வெளியேற்ற வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதமா என்று முன்பே யோசியுங்கள்.

ரொம்ப வலிக்குமா? சரியான தசையில்தான் போடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

பெரியவர்களுக்கு மயக்கம் தேவைப்படுவதில்லை. சுருக்கென்று குத்தும், மருந்து ஏறும்போது கொஞ்சம் எரியும். குழந்தைகளுக்கு மரத்துப்போகும் களிம்போ லேசான மயக்கமோ கொடுப்பார்கள்.

முன்கையில் விரல் மடக்கும் தசைகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும், தொட்டுப் பார்த்து மட்டும் பிரிப்பது கடினம். அதனால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியோ, தசையின் மின்துடிப்பைக் கண்டறியும் இஎம்ஜி கருவியின் துணையோடோ போடுவது நல்லது. இஎம்ஜியில் ஊசி முனை துடிக்கும் தசைக்குள் நுழைந்ததும் ஒலிபெருக்கியில் சடசடவென்று தகரத்தில் மழை விழுவது போலக் கேட்கும். நோயாளியின் வீட்டாரும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

பக்க விளைவுகள் என்ன? யாருக்கு ஆகாது?

போட்ட இடத்தில் வலி, கன்றல், பக்கத்துத் தசை தேவைக்கு மேல் தளர்வது, சில நாள் காய்ச்சல் போன்ற சோர்வு. இவை தானாகச் சரியாகும்.

அரிதாக மருந்து தூரத்துக்குப் பரவலாம். 2009-இல் எஃப்டிஏ இதைப் பற்றி மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. விழுங்க முடியாமை, குரல் மாறுவது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல், உடல் முழுதும் பலவீனம். இது மணிக்கணக்கிலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், இன்ன தேதியில் இந்த ஊசி போட்டோம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மயஸ்தீனியா கிராவிஸ் போன்று நரம்பும் தசையும் சேரும் இடத்தில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். போடும் இடத்தில் தொற்று இருந்தால் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாட்டிக் ஊசி போய்க்கொண்டிருந்தால் சொல்லுங்கள், அவை டாக்சினின் வேகத்தைக் கூட்டும். ஸ்ட்ரோக் வந்தவர்கள் பலரும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. மருத்துவரிடம் சொன்னால் போதும், அவர் அதற்கேற்ப மெல்லிய ஊசி எடுத்து, போட்ட இடத்தை அழுத்திப் பிடிப்பார்.

முதல் மூன்று முறை நன்றாகக் கேட்டது. இப்போது கேட்கவில்லை. ஏன்?

உடல் இதற்கு எதிர்ப்புப்பொருள் உண்டாக்கிக்கொள்வது ஒரு காரணம். மூன்று மாதம் ஆகும் முன்பே மறுபடி போடுவதும், இடையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்வதும் அந்த வாய்ப்பை அதிகமாக்கும். "பிடி வந்துவிட்டது, சீக்கிரம் போட்டுவிடுங்கள்" என்று நச்சரிக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

ஆனால் நான் பார்த்தவரை, அதைவிட எளிய காரணங்களே அதிகம். இழுக்கும் தசை மாறியிருக்கும், தசை சுருங்கிவிட்டிருக்கும், பயிற்சி நின்றிருக்கும். இல்லாவிட்டால் மருந்தின் பிராண்டு மாறியிருக்கும். போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் எல்லாம் ஏ வகைதான், ஆனால் யூனிட் கணக்கு ஒன்றல்ல. கழுத்துத் திருகலுக்கு டிஸ்போர்ட்டின் தொடக்க அளவே 500 யூனிட். அந்த எண்ணைப் போடாக்ஸில் போட்டால் மிக அதிகம்.

விலை பயமாக இருக்கிறது. என்ன கேட்டு வாங்க வேண்டும்?

எந்த பிராண்டு, எத்தனை யூனிட், குப்பியின் விலை தனியாக எவ்வளவு, போடும் கட்டணம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. காப்பீடு இருந்தால், நோயின் பெயரோடு மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். "போடாக்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அழகு சிகிச்சை என்று தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது. உங்கள் முன்னால் குப்பியைத் திறந்து கலக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். போடாக்ஸ் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உப்புநீரில் கலந்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கடையில் வாங்கிக் கையில் கொண்டுபோகச் சொன்னால் ஐஸ் டப்பா இல்லாமல் பேருந்தில் ஏறாதீர்கள்.

சம்பந்தமில்லாத ஒரு கேள்வி: பிறந்த குழந்தைக்குத் தேன் தடவலாமா?

சம்பந்தம் இருக்கிறது. சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேனில் இதே பாக்டீரியாவின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது, பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம்.

அடுத்த முறை ஊசிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், எந்தத் தசையில் எத்தனை யூனிட் என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பிறகு வாரம் ஒரு முறை ஒரே ஒரு வரி. எந்த நாளில் இளக ஆரம்பித்தது, எந்த வாரம் நன்றாக இருந்தது, எப்போது பிடி திரும்பியது, விழுங்குவதில் ஏதாவது வித்தியாசம். போனில் மாதம் ஒரு முறை அரை நிமிட வீடியோ, ஒரே நாற்காலியில், ஒரே வெளிச்சத்தில். "பரவாயில்லை சார்" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் பழைய அளவையே போடுவார். "விரல் விரிகிறது, ஆனால் கட்டைவிரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால், அந்த முறை கட்டைவிரல் தசைக்கும் ஊசி எடுத்து வைப்பார்.